எஸ்டிமேட்டில் இல்லாதது

காவேரிப்பட்டணம் மாம்பழக்கூழ் ஆலைக்குச்
சாப்பாட்டுக் கூடம் வரைந்தேன்.
முதல் தாளில் சுவரே இல்லை.
பாய்லர் பக்கத்து வெக்கை சிவப்பு,
தென்பெண்ணைக் காற்று நீலம்,
நடுவே நாற்பது பேரின் வியர்வை
பென்சில் புள்ளியாக.

கான்ட்ராக்டர் முனிவெங்கடப்பா
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நீலத்துக்கு என்ன ரேட் போடறது மேடம்?
சதுர அடிக்கா, கன அடிக்கா?"
எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

சுவர் எழும்பிய மூன்றாம் நாள்
கொத்தனார் ரஹமத்தின் பீடிப்புகை
என் நீலக் கோட்டை மதிக்காமல்
கிழக்கே வளைந்து போனது.
ஜன்னலை ஒன்றரை அடி நகர்த்தினோம்.

ஆனி மாத ஷிப்டில்
அந்த ஜன்னலடிக்குச் சண்டையாம்;
டிபன் பாக்ஸை வைத்து
இடம்பிடிக்கிறாளாம் பாக்யலட்சுமி.

கடைசி பில் வந்தது.
செங்கல், கம்பி, ஜல்லி,
அடியில் பென்சிலில்:
பீடி ஒரு கட்டு.