செத்த கிலோமீட்டர்

தணிக்கைப் பத்தி ஏழுக்குப்
பதினைந்து நாளில் விளக்கம் வேண்டுமாம்.
மண்டலக் கடிதத்தில் சிவப்பு அடிக்கோடு:
'நாச்சிவலசு இரவுத் தங்கல் வண்டி.
கடைசி நடையில் சராசரி நான்கு பயணிகள்.
மகளிர் மானியம் சேர்த்தும்
கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் சொச்சம்.
தங்கல் படி தனி.
ஏன் நிறுத்தக் கூடாது?'

தாராபுரம் பணிமனை, போக்குவரத்துப் பிரிவு,
டயர் அடுக்கைப் பார்த்த ஜன்னலோரம் என் மேசை.
யார் லீவு, யார் டபுள் டூட்டி,
எந்த வண்டிக்கு எஃப்.சி. முடிகிறது
எல்லாம் என் கைவழிதான் போகும்.
எந்த ஊருக்கு வண்டி போகணும் என்பதை மட்டும்
என்னைக் கேட்டு யாரும் முடிவு செய்ததில்லை.

முதல் வரைவில் எழுதினேன்:
'இரவே திருப்பினால்
ஆளில்லாமல் பத்தொன்பது கிலோமீட்டர் வரணும்,
விடியுமுன் ஆளில்லாமல் பத்தொன்பது போகணும்.'
அதற்கு எங்கள் பாஷையில்
செத்த கிலோமீட்டர் என்று பேர்.
கிளை மேலாளர் ஆரோக்கியநாதன் படித்தார்.
"அப்ப காலை நடையையும் சேர்த்து
கேன்சல் பண்ணுன்னு சொல்லுவாங்கம்மா.
யோசிச்சு எழுதுங்க."

வியாழக்கிழமை ஒன்பது நாற்பதுக்கு நானே ஏறினேன்.
திரும்பிவர வண்டி கிடையாது,
வீட்டுக்காரர் பைக்கில் பின்னாலேயே வந்தார்.
அந்தப் பெட்ரோலை எந்தத் தலைப்பில் எழுதுவது
என்று இன்னும் தெரியவில்லை.

மில் ஷிப்ட் முடிந்த பெண்கள் இருவர்.
தூங்கிக்கொண்டே டிக்கெட் வாங்கிய ஆட்டு வியாபாரி.
நான்காவது ஆள் நான், கணக்கில் சேராதவள்.
ஆனால் என்ஜின் மூடிமேல் உட்கார இடமில்லை:
ஐஸ் வைத்த தெர்மாஸ் பெட்டியில் சர்க்கரை ஊசி,
சுற்றிக் கட்டிய மோட்டார் காயில்,
பால் சொசைட்டி ரசீதுக் கட்டு,
கண்ணாடி ஒன்று, செய்தித்தாளில் பொதிந்து,
ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு பேர்.
மின்விளக்கில்லாத பிரிவுகளில்
இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீளும்.
ஓட்டுநர் சென்னிமலை முழுசாக நிறுத்தவே மாட்டார்.
கை வாங்கிக்கொள்ளும்.

நடத்துநர் குப்புராஜ் என் நோட்டைப் பார்த்தார்.
"லக்கேஜ் போட்டா பத்து ரூவா ஆகுமுங்க.
ஊசிக்கு வந்தவங்ககிட்ட எப்படிங்க கேக்கறது?
எழுதீராதீங்கொ."

எழுதினால் வண்டி பிழைக்கும்,
குப்புராஜுக்குச் சார்ஜ் மெமோ.
எழுதாமல் விட்டால்
குப்புராஜ் பிழைப்பார்.

மறுநாள் வழித்தடப் பதிவேட்டைப் புரட்டினேன்,
கரையான் தின்னாத பக்கம் கிடைக்கிற வரை.
மூன்றாம் வரைவு:
'தணிக்கையில் கண்ட தூரம் 19.0.
இப்பணிமனைப் பதிவேட்டில் 18.4.
வித்தியாசம் 0.6 தீராமல்
கிலோமீட்டர் வருமானத்தை உறுதி செய்ய இயலவில்லை.
மறுஅளவு செய்ய அலுவலர் ஒருவரை
அனுப்பக் கோரப்படுகிறது.'

ஆரோக்கியநாதன் இரண்டு தரம் படித்தார்.
பேனா மூடியைத் திறந்தார், மூடினார்,
வெளியே யாரோ ஹாரன் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.
கையெழுத்துப் போட்டார்.

மண்டலத்தில் அளக்கிற ஆள் ஒருவர்தான்.
அவரும் பங்குனியில் ரிட்டயர்டு.
அந்த 0.6 எங்கே என்று எனக்குத் தெரியும்:
தரைப்பாலம் வெள்ளத்தில் போன வருசம்
பனங்காட்டு வழியாய்ச் சுற்றின தூரம்.
பாலம் திரும்பக் கட்டியாகிவிட்டது,
தணிக்கைக் காகிதத்தில் மட்டும்
வண்டி இன்னும் பனங்காட்டில் சுற்றுகிறது.

இன்று காலை டீசல் கணக்கு வந்தது:
நாச்சிவலசு, லிட்டருக்கு ஐந்து புள்ளி மூன்று.
கூடவே காலித் தெர்மாஸ் பெட்டி ஒன்று
என் மேசைக்கடியில் வைத்திருந்தது.
மதியம் மருந்துக்கடைப் பையன் வருவான்.
அதுவரைக்கும்
காலால் உள்ளே தள்ளி வைத்திருக்கிறேன்.