மேல் பக்கம்

நாரினில் நவம்பர்.
எண்ணெய் மூடியைத் திருகி எடுத்தால்
உள்ளே பாலாடை.
தண்ணீர் கலந்துவிட்டது என்பதை
இதைவிடத் தெளிவாக எந்த எஞ்சினும் சொல்லாது.

ஆடி எண்பது. என்னைவிட இரண்டு வயது இளையது.
கணவாய் ஏறும்போது வெள்ளைப் புகை விட்டது.
பின்சீட்டு ஆசிரியை சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
பாதி வாடகைதான் தந்தாள்.

புது ஹெட் கேஸ்கெட் பிஷ்கெக்கிலிருந்து வேனில் வந்தது,
இரண்டு அட்டைகளுக்கு நடுவே,
யாரோ ஒருவரின் முட்டைத் தட்டுகளின் மேல்,
வளையாமல்.

டார்க் ரெஞ்ச் எங்கள் தெருவில் ஒன்றே ஒன்று.
அது ஜோல்சுபெக் வீட்டில்.
ஏப்ரலில், என் முறை நாளில்,
வாய்க்கால் மடையை அடைத்தவன்.
நான் திட்டியது அவனுடைய செத்துப்போன தாய்வரை போனது.
அன்றிலிருந்து பேச்சில்லை.

மகனை அனுப்பிக் கேட்டேன்.
ரெஞ்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனே வந்தான்.
இரவல் தரமாட்டானாம்.
அதையும் பையனிடம்தான் சொன்னான்.

சிலிண்டர் ஹெட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.
தூக்கினோம்.
மூன்றாவது சிலிண்டரிலிருந்து தண்ணீர்த் துளைவரை
நகக்கண் அகலத்தில் ஒரு கரிக்கோடு.
அவ்வளவுதான்.

அரைநாள் பிளேடால் சுரண்டினேன்.
அவன் இரும்புப் பட்டையை நிறுத்தி
அடியில் வெளிச்சம் நுழைகிறதா என்று குனிந்து பார்த்தான்.
நுழையவில்லை.
தேநீர் வைத்தேன். தொடவில்லை.
பிறகு குடித்தான், ஆறிப்போனதை.

புதியதைப் பிரித்தால் மூலையில் நான்கே எழுத்து: ஓபென்.
எந்தக் கம்பெனியோ என்றேன், மகனைப் பார்த்து.
"மேலே" என்றான் ஜோல்சுபெக்,
என்னைப் பார்த்து.
பத்தொன்பது வயதில் ஜெர்மனியில் பட்டாளத்தில் இருந்தானாம்,
கிடங்குப் பெட்டிகளில் எல்லாம் அந்த வார்த்தையாம்.
"இந்தப் பக்கம் மேலே வரணும்.
மாத்தி வச்சா வழி அடைபடும்."
அடைபடும் என்றதும் அவன் காது சிவந்தது.
குளிராகவும் இருக்கலாம்.

பத்து போல்ட். நடுவிலிருந்து வெளியே.
முதல் சுற்று நாற்பது,
க்ளிக், க்ளிக்,
அடுத்தது அறுபது,
அப்புறம் ஒவ்வொன்றும் அரைத் திருப்பு.
அதற்குக் க்ளிக் கிடையாது.
நீளக் குழாயை மாட்டி
இருவரும் ஒரே பிடியில் தொங்கினோம்.

சாவியைத் திருப்பினேன்.
மறுபடி வெள்ளைப் புகை. வயிறு கலங்கியது.
"சைலன்சர்ல மிச்சத் தண்ணி. பொறு."
பொறுத்தோம்.
தெருநாய் இரண்டு முறை தும்மியது.
புகை மெலிந்து, மெலிந்து, இல்லை.

ரெஞ்சைத் துடைத்து, பூஜ்யத்துக்குத் தளர்த்தி,
எடுத்துப் போய்விட்டான்.
மடை விஷயம் அப்படியேதான் இருக்கிறது.
ஏப்ரலுக்கு இன்னும் ஐந்து மாதம்.

பழைய கேஸ்கெட்டை முகத்தில் பிடித்துக்கொண்டு
நான்கு ஓட்டையில் எதன் வழியே பார்ப்பது என்று
தெரியாமல் நிற்கிறான் மகன்.