கௌரவத் தோற்றம்

பெயர்ப்பட்டியலில் என் இடம்
"இவர்களுடன்" முடிந்து
"மற்றும் பலர்" தொடங்குவதற்குள்
மூச்சு வாங்கும் அந்த ஒற்றை வரி.

வியாழன் இரவு நஜிமுதீன் வீடு.
அங் மோ கியோ, பதினோராம் மாடி,
மின்தூக்கி நிற்காத தளம்; ஒன்று ஏற வேண்டும்.
இஸ்திரி மேசைதான் ஒலிப்பதிவு மேசை.
சத்தம் விழுமென்று
மின்விசிறியை நிறுத்திவிடுவார்.
கழுத்தில் வியர்வை இறங்க இறங்க
பனிமலைப் பாடல் காட்சிகளை
அலசியிருக்கிறேன்.
சம்பளம்,
ரஹ்மத் அக்கா பொரித்துத் தரும் பீசாங் கோரேங்,
கூடவே ஓர் அதட்டல்:
"பாவம்மா, அவனும் காசு போட்டுத்தானே எடுத்திருக்கான்."

பகலில் நான்
காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளைப் படிப்பவள்.
நசுங்கிய கதவு, உடைந்த விளக்கு, யார் பக்கம் தவறு.
இரவிலும் அதே வேலைதான்.
சேதம் மட்டும்
இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும்.

வின்சென்ட் ஞானராஜுக்கு
ஐந்துக்கு இரண்டரை தவிர
வேறு எண் தெரியாது.
குப்பைக்கும் இரண்டரை, கோமேதகத்துக்கும் இரண்டரை.
சனிக்கிழமை அவர் நிகழ்ச்சியில் நான் விருந்தாளி,
ஞாயிறு என்னுடையதில் அவர்.
ஒரே சண்டையை
இரண்டு வீட்டில் போட்டிருக்கிறோம்.

அவர் தங்கை மகன்
மூன்றாவது உதவி இயக்குநராக இருந்த படத்தை
ஒருமுறை கிழித்துத் தோரணம் கட்டினேன்.
பதினெட்டு நாள் பேச்சில்லை.
பத்தொன்பதாம் நாள் குறுஞ்செய்தி வந்தது:
"தோரணம் சரி.
அந்தக் கடைசி முடிச்சு மட்டும் அநியாயம்."

லியோங் தமிழ் கற்றது
சப்டைட்டில் வாசித்து அல்ல,
அதைச் சந்தேகித்து.
"அந்தப் பெண் இவ்வளவு நேரம் பேசினாள்,
கீழே ஒரே சொல்.
மீதி எங்கே போச்சு?"
மீதியை நான் காப்பிக்கடையில் சொல்வேன்,
கோப்பி ஓ ஆறி ஆடை கட்டும்வரை.
"போடா" என்றால் சில சமயம் அன்பு என்று விளக்க
நாற்பது நிமிடம் ஆயிற்று.
அன்றிலிருந்து வின்சென்ட்டுக்கு
அதுதான் பெயர்.

திங்கள் இரவு, ஈசூன், ஒன்பதே கால் காட்சி.
நூற்றெண்பது இருக்கை. நாங்கள் நால்வர்.
ஆனாலும் வரிசைக்கு ஒருவராய்த்
தள்ளித் தள்ளித்தான் உட்காருவோம்.
ஒருவர் சிரிப்பு
இன்னொருவர் மதிப்பெண்ணில்
ஒட்டிவிடக் கூடாதாம்,
நஜிமுதீன் போட்ட சட்டம்.
கடைசி ரயிலைப் பிடிக்க மட்டும்
ஒன்றாக ஓடுவோம்.

அந்தப் படம் ஒன்றும் பிரமாதமில்லை.
விமான நிலையத்தில் ஓர் அப்பா
மகள் பெயரை அட்டையில் எழுதி
தவறான வாசலில் நிற்கிறார்.
நிற்கிறார்.
அவ்வளவுதான்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
முன்வரிசையா, பின்வரிசையா, தெரியவில்லை.
குளிரூட்டியின் மேல் பழி போடலாம்.
விளக்கு வந்ததும்
நால்வரும் அவரவர் கைபேசியில்
எதையோ மும்முரமாகப் படித்தோம்.
அன்றைக்கு ரயிலுக்குக்கூட
யாரும் ஓடவில்லை.
டாக்சிக்குப் பங்கு போட்டோம்,
ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு.

வியாழன் வந்தது. மின்விசிறி நின்றது.
"இரண்டாம் பாதி தொய்வு" என்றார் நஜிமுதீன்.
நான் பின்னணி இசையைத் திட்டினேன்.
"அந்த இடத்தில் சப்டைட்டிலே இல்லை" என்றார் லியோங்,
குறையாகவா, எப்படி என்று
கண்டுபிடிக்க முடியாத குரலில்.
அப்பா நின்ற வாசலைப் பற்றி
யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு மதிப்பெண்.
வின்சென்ட் தொண்டையைச் செருமினார்.
"மூன்று."

பதிவில் அதற்கப்புறம்
ஒன்பது வினாடி ஒன்றும் கேட்காது.
இருமலைக்கூட விட்டுவைக்காமல் வெட்டும் நஜிமுதீன்
அதை வெட்டவில்லை.
காதைத் தீட்டிக்கொண்டால்
சமையலறையில்
எண்ணெய் பொரிவது கேட்கும்.