கோட்டு அட்டை

அங்கன்வாடியின் பருப்பு மூட்டைகளை ஓரம் தள்ளி
மேசை போட்டோம். கடம்பூர் மலை. சிக்னல் இல்லை.
படிவத்தில் இனம் என்று ஒரு கட்டம்,
கொடுத்த பட்டியலில் இவர்கள் பெயர் கிடையாது.
"மற்றவை" என்று நாற்பத்தொரு தடவை எழுதியாயிற்று,
கை பழகிவிட்டது.

ஜடையன் விரலை நீட்டவில்லை.
"போன வருசமும் எடுத்துட்டுப் போனீங்க.
அந்த ரத்தம் என்னங்க சொல்லுச்சு?"
போன வருடம் வந்தது வேறு ஆள், வேறு ஜீப்.
சொல்லியிருக்கலாம்.
அரிவாள் அணு என்றேன்.
"ராகி அறுக்கறதா, வெறகு வெட்டறதா?"
வரிசையே சிரித்தது,
கெம்பியைத் தவிர. அவள் மடியில்
கணுக்கால் வீங்கிய பையன்,
பனி இறங்கினால்
எலும்புக்குள்ளே யாரோ திருகுகிறார்களாம்.

"மொதல்ல உங்க விரலக் குத்துங்க, அம்மிணி."

குத்தினேன். ஒப்பிட்டுப் பார்க்க
நல்ல ரத்தம் ஒன்று வேண்டும்தானே;
நான் கோபிக்காரி.
குழாயில் "சும்மா" என்று சீட்டு ஒட்டி
முதல் துளையில் நிறுத்தினேன்.

பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டை.
ஐந்து நிமிடம் கழித்துக் கோடு தெரிந்தால் ஒன்றுமில்லை,
கலங்கி மறைத்தால் ஈரோட்டுக்கு அனுப்ப வேண்டும்.
கெம்பி மகனுடையது கலங்கியது. எதிர்பார்த்ததுதான்.
ஜடையனுடையதில் எல்லாக் கோடும்
மழை விட்ட மறுநாள் மலை போல.

"சும்மா"வில் கோடே இல்லை.

மருந்துத் தூள் பழசாக இருக்கும் என்றேன்.
புதுப் பொட்டலம் உடைத்தேன்.
அட்டையைத் துடைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன்.
ஜடையன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்,
பேச்சில்லை,
தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை
என் பக்கம் நகர்த்தினார்.

சீட்டைக் கிழித்து எண் போட்டேன், நாற்பத்துமூன்று.
வயது இருபத்தாறு. பெண். மணமாகவில்லை.
இனம் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.

ஜீப் கிளம்பும்போது
ஐஸ் பெட்டியைத் தட்டிச் சொன்னார்:
"இந்த வாட்டி வந்து சொல்லோணுங்க.
உங்களுதையுஞ் சேத்து."

அம்மாவின் அம்மா எந்த ஊர்?
இருபத்தாறு வருடத்தில் கேட்டதே இல்லை.
கெம்பநாயக்கன்பாளையம் தாண்டியதும் சிக்னல் வந்தது.
நான்கு தடவை அழைத்திருக்கிறாள்,
ராத்திரிக்குத் தோசையா, உப்புமாவா
என்று கேட்க.