குடுவை எண் 412

பீட்டர்மாரிட்ஸ்பர்க். மழை.
நூறு வருஷம் சாராயத்தில் ஊறியும்
கால் மடக்கியே கிடக்கிறது தரைச்சிலந்தி.

வலை பின்னாது. இரவில் ஓடிப் பிடித்துத் தின்னும்.
நூற்குழல்கள் ஒட்டாமல் விலகி நின்றால்,
நடுக்கண்கள் சாய்ந்து வெள்ளியாய் மின்னினால்
இந்தக் குடும்பம்.
பின்கால்களில் சீப்பு இருந்தால் செலோட்டிஸ்.
அதற்குமேல் தெரிய
பெண்குறியைத்தான் பார்க்க வேண்டும்.
(இதைச் சொன்னால் தட்டச்சு செய்யும் மிஸஸ் மூட்லி
காதைப் பொத்திக்கொள்வார்.)

சீட்டில் பழுப்பு மை:
'வெருலம், கரும்புக்காடு, 1911.
பிடித்தது: கூலி.'
பெயர் மட்டும் தோட்டத்துரைக்குப் போயிருக்கிறது,
லத்தீன் வால் ஒட்டி.

இன்று அந்தப் பெயரை அடித்தேன்.
காழ்ப்பில்லை. சரி, கொஞ்சம் இருந்தது.
எட்டு வருஷம் முன்பே இதே சிலந்திக்கு
வேறொருவன் 'மங்கலானது' என்று வைத்துவிட்டான்;
முந்தியது செல்லும்.

எங்கள் கவுண்டர்
ஒரு குமாஸ்தாவின் காதில் விழுந்து
கோவெண்டர் ஆனதற்கு
அந்த விதி எட்டாது.

குடுவையடியில் இன்னொன்று. ஆண்.
இனம் காட்டும் உணர்கால் நுனி
இரண்டு பக்கமும் ஒடிந்திருக்கிறது.
எந்த விவரணைக்கும் ஒத்துவரவில்லை.

புதுச் சீட்டு எடுத்தேன்.
இனம்: தெரியவில்லை.
'பிடித்தது' என்று எழுதிப்போய்,
'து'வை அடித்து 'வர்' ஆக்கினேன்.
எதிரே
மை படாத அரை அங்குலம்.