அடிவயிறு

பாடாங் செராயில் இருப்பவனுக்கு
விமானத்தின் முதுகு தெரியாது.
பட்டர்வொர்த்தில் கிளம்பி
செம்பனைக்கு மேல் திரும்பும்போது
அது காட்டுவதெல்லாம் அடிவயிறு.
அதுவும், சத்தம் வந்து சேர்வதற்குள்
போய்விட்டிருக்கும்.

பகலில் நான் ஆலையின் எடைமேடை கிளார்க்.
குலையோடு வந்த லாரி,
குலை இறக்கிய லாரி,
கழித்தால் மிஞ்சுவது பழம்.
பத்து டன்னுக்குக் கீழே உள்ளதைக்
கண் எடையாகவே எண்ணுவதில்லை.
இரவில், சாப்பாட்டு மேசையில்
நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் ஒரு ஹாக்.
மூக்குக்குள் ஈயம் வைக்காவிட்டால்
குந்திய நாய் மாதிரி
வாலில் உட்கார்ந்துவிடும்.
தூண்டில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு
முன்சக்கரம் மேசையைத் தொடும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.
எட்டு கிராம்.

இரண்டு பாதி உடம்பும் சேர்ந்த கோட்டில்
பட்டி பூசி, காய்ந்ததும் தேய்த்து,
ஈரக் காகிதத்தால் மறுபடி தேய்த்து,
கண்ணை மூடி நகத்தால் தடவ வேண்டும்.
நகம் தடுக்கினால் முதலிலிருந்து.
"இதில் பாதி பட்டியை
குளியலறைச் சுவருக்கு வைத்திருக்கலாம்"
என்றாள் தமயந்தி.
பொய்யில்லை.

மூக்கின் நுனியில் காற்றை அளக்கும் குழாய்.
பெட்டியில் வந்தது தீக்குச்சித் தடிமன்,
வெட்டி எறிந்தேன்.
காலையில் என் தொப்புளுக்குப் பக்கத்தில் இறங்கிய
இன்சுலின் ஊசி
இரவில் அங்கே போய் நின்றது.
அச்சு அசலாக அளவு.
என் சர்க்கரை எனக்குச் செய்த
ஒரே உபகாரம்.

ஏவுகணைகள் சட்டத்தை விட்டுக் கழலவே இல்லை.
கொள்கை ஒன்றுமில்லை.
எங்கள் வானத்தில் அவற்றைப் பார்த்ததில்லை,
பார்க்காததை நான் ஒட்டுவதில்லை.
சட்டத்தோடு எடுத்துப்போய்
மிளகாய்ச் செடிக்கு முட்டுக் கொடுத்தாள் தமயந்தி.
காய்க்கிறது.

முதுகுக்கு மூன்று இரவு.
அடிவயிற்றுக்கு ஐந்து வாரம்.
தகடுகளின் இடுக்கில்
நீர்த்த கருப்பு தானாக ஓடும்வரை சாய்த்துப் பிடித்து,
மிஞ்சியதைப் பஞ்சால் ஒற்றி,
சக்கரக் கதவுக்குப் பின்னால்
பழுப்பு எண்ணெய் ஒரு பொட்டு வைத்து,
காற்று போகும் பக்கமாய்
ஏறக்குறையக் காய்ந்த தூரிகையால்
ஒரே இழுப்பு.
ஒழுக்கு.
எந்தப் புகைப்படத்திலும் இல்லாதது.
ஒருநாள் அது தாழப் பறந்தபோது
அண்ணாந்தபடியே மோட்டார் சைக்கிளோடு
கால்வாயில் இறங்குவதற்கு முந்திய நொடியில்
நான் கண்டது.

சுங்கைப் பட்டாணி மாலில் போட்டி.
விமானத்தின் கீழே
தமயந்தியின் அலமாரிக் கண்ணாடியை வைத்தேன்.
நடுவர் மிஸ்டர் லோ
விமானியின் இருக்கைக்குள் டார்ச் அடித்தார்,
இறக்கையின் எழுத்துகளை எண்ணினார்.
கண்ணாடியில் குனிந்தவர்
தன் முகவாயைப் பார்த்தார்,
ஒருமுறை தடவிக்கொண்டார்,
நிமிர்ந்தார்.
தாளில் எழுதியிருந்தது:
"கண்ணாடி கவனத்தைக் கலைக்கிறது."
பரிசு, காக்பிட்டுக்குள் உறைந்த தூசியைக்கூட
வரைந்த ஒரு மிக்-குக்கு.
நல்ல வேலைதான். வயிறு மட்டும் வெள்ளை வெளேர்.

திங்கட்கிழமை
மிச்சமிருந்த தூண்டில் நரம்பில் கட்டி
எடைமேடை அறையின் கூரையில் தொங்கவிட்டேன்.
மின்விசிறி சுழன்றால்
கொஞ்சம் இடப்பக்கம் திரும்புகிறது,
செம்பனைக்கு மேல் திரும்புவதைப் போலவே.

சீட்டு வாங்க வந்த டிரைவர்கள்
கைப்பேசியைப் பார்த்தார்கள்,
காலண்டரைப் பார்த்தார்கள்,
ஒருவன் விலை கேட்டான்.
புதன்கிழமை அருளாந்து வந்தான்,
வாரத்தில் பாதியை
தன் லாரிக்கு அடியில் படுத்துக் கழிப்பவன்.
முப்பத்தொரு டன் வெளியே உறுமிக்கொண்டிருக்க
தலைக்கு மேலே பார்த்தான்.
தள்ளி நின்று பார்த்தான்.
எண்ணெய் ஏறிய விரலை நீட்டினான்.

"கிளார்க்கே, ஒழுகுது.
சீல் போயிருக்கும்."

விரல் நின்ற இடம் மிகச் சரி.

"எத்தனை நாளா?"

"ஐந்து வாரம்" என்றேன்.

"விடாதீங்க, பெரிசாகிடும்"
என்று சொல்லிவிட்டு
சீட்டை மடித்துக்கொண்டு போனான்.