சொட்டு மருந்துக்குப் பின்

எழும்பூர் கண் ஆஸ்பத்திரிச் சீட்டில்
என் பெயர் சென்பகவல்லி என்றிருந்தது.
ரெண்டு சுழி.
தெளிவாகக் கடைசியாய்ப் படித்தது அதைத்தான்.
இருபத்தாறு வருடம் பிழை திருத்தியவள்
பேனா எடுப்பதற்குள்
நர்ஸ் முகவாயை நிமிர்த்திச் சொட்டு விட்டுவிட்டாள்.
"கண் பாப்பா விரியணும். டாக்டர் மீட்டிங்ல இருக்கார்,
ரெண்டு மணிக்கு வாங்க."

பக்கத்து நாற்காலி டோக்கன் அறுபத்து மூன்று,
ரெஜினா, புளியந்தோப்பில் தையல் கடை.
ஊசியில் நூல் கோக்க மகனைக் கூப்பிட வேண்டியிருக்கிறதாம்.
அவன் போனை வைத்துவிட்டு எழுந்து வருவதற்குள்
பிளவுஸ்காரி வாசலில் வந்து நிற்கிறாளாம்.
"இங்கயே உக்காந்திருந்தா பைத்தியம் பிடிக்கும்.
மியூசியம் பக்கம்தானே, போலாமா?
ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க ஒருவாட்டி.
திமிங்கிலம் இருக்கும்."

பாந்தியன் சாலையில் வெயில்
வெள்ளையடித்த சுவராக நின்றது.
முந்தானையைத் தலைக்கு இழுத்து
ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து
ஆட்டோக்களைச் சத்தம் வைத்துத் தாண்டினோம்.
டிக்கெட்டுக்கான சில்லறையை
விரலால் தடவித் தடவி எண்ணினேன்.

அமராவதிக் கற்களில்
பெருங்கூட்டம், ஒருவருக்கும் முகமில்லை.
கல் தேய்ந்திருக்கிறதா, என் கண்தானா?
ரெஜினாவைக் கேட்டேன்.
"எனக்கும் அப்படித்தான் தெரியுது.
அப்ப நெசமாத்தான் இருக்கும்" என்றாள்.

செப்புத் திருமேனிகளின் அறை
இருட்டாக, குளிராக,
கண்ணுக்கு இதமாக இருந்தது.
ஒவ்வொரு பீடத்தின் கீழும் ஒரு பலகை,
பலகை முழுக்க எறும்பு.
எந்த ஊர், எந்த நூற்றாண்டு, எந்த அம்மன்
எதுவும் இல்லாமல்
பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

இடுப்பொசித்து நின்ற ஒருத்தியிடம்
ரெஜினா நின்றுவிட்டாள்.
நெருங்கினால் கலைந்தாள் அவள்,
விலகினால் கூடி வந்தாள்.
முன்னும் பின்னுமாக நாங்கள் நடப்பதைப் பார்த்துக்
காவலாளி எழுந்து வந்தார்.
"கிட்டப் போகாதீங்கம்மா."
"கிட்டப் போனா தெரியாது சார்" என்றாள் ரெஜினா,
ஏதோ ரகசியத்தை ஒப்புக்கொள்வதுபோல.

பிறகு காற்றில் நாடா பிடித்தாள்,
கட்டை விரலும் சுண்டு விரலும் விரிய.
துணி எங்கே இறுகுகிறது, எங்கே தொய்கிறது,
கொசுவம் எந்தப் பக்கம் விழுகிறது.
"ஆளு உயரத்துக்குக் கணக்குப் போட்டா இடுப்பு இருபத்தாறு.
அளவு எடுக்காம இப்படி வராதுங்க.
யாரோ ஒருத்தி நின்னிருக்கா.
கால் வலிக்க வலிக்க."

சிலைக்குக் கண் திறப்பது
எல்லா வேலையும் முடிந்தபின் என்று கேள்வி.
எங்களுக்கு டோக்கன் வரிசைப்படி.

திமிங்கில எலும்பு மட்டும்
விளிம்பு சிதறாமல், முழுசாகத் தெரிந்தது இருவருக்கும்.
அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றோம்.
"அப்ப இன்னும் பெருசா இருந்துச்சு" என்றாள்,
கடைக்காரன் எடை குறைத்துவிட்டதுபோல.

ரெண்டு மணி மூன்றரை ஆனது.
எனக்கு, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.
அவளுக்கு, நாளைக்கே அட்மிஷன்.
வேறு கதவு வழியாக அழைத்துப் போனார்கள்.
வாசலில் திரும்பி, என்னை விட்டு
என் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்துக் கேட்டாள்:
"இருபத்தாறுதானே சொன்னேன்?"
"ஆமாம்" என்றேன்.
"இருபத்தெட்டு இருக்கும். பித்தளை இறுக்கிக் காட்டும்."

அன்று இரவு திருவல்லிக்கேணி அச்சகத்தில்
யாரோ ஒருவரின் திருமணப் பத்திரிகை மேல்
எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.
முதலில் பெரியவை, பிறகு கொம்புகள்,
எல்லாவற்றுக்கும் பிறகு புள்ளிகள்.
மாப்பிள்ளையின் அப்பா பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது,
வைத்தேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் ரெண்டு சுழி அப்படியே இருக்கிறது.

அந்தப் பலகையை இப்போது படித்துவிடலாம்.
அதிலும் பிழை இருக்கலாம்.
வெள்ளிக்கிழமை விடுமுறை,
மற்ற நாளெல்லாம் திறந்துதான் வைத்திருக்கிறார்கள்.
நான் இன்னும் போகவில்லை.